போலார் கடல் ஆழமா கலக்குறதை கிளைமேட் மாடல் எப்படி காட்டுது, எந்த வரிசைல செக் பண்ணணும்: முழு வழிகாட்டி

பெங்களூர்ல மே மாசம் ஆச்சுன்னா மதுரை, கோவை, திருச்சி பக்கமிருந்து பிராஜெக்ட் பண்ண பசங்க வந்து இறங்குவாங்க. அதுல கடல் மாடல் டேட்டா கைல எடுக்குற முக்கால்வாசி பேர் முதல் வாரத்துல செய்ற வேலை ஒண்ணுதான், மிக்ஸ்ட் லேயர் ஆழத்தோட (மேலருந்து எவ்ளோ தூரம் தண்ணி ஒரே மாதிரி கலந்து நிக்குதுங்கிறது) ஃபைலை இறக்கி, செப்டம்பருக்கு ஒரு மேப் போட்டு, அன்டார்டிகா பக்கத்துல 4000 மீட்டர்னு செக்கச்செவேல்னு ஒரு திட்டு தெரிஞ்சதும் "அண்ணா, டீப் மிக்ஸிங் கிடைச்சிடுச்சு"ன்னு வந்து நிக்கிறது. டீப் மிக்ஸிங்னா மேல்தண்ணி கனமாகி ஆழத்துத் தண்ணி வரைக்கும் இறங்கிக் கலக்குறது. கிடைச்சது என்னவோ உண்மைதான், ஆனா அந்த மாதிரி ஒரு திட்டு நிஜக் கடல்ல வருஷா வருஷம் இருக்காது, அங்கதான் சிக்கல்.

மாடல் எவ்ளோ ஆழம் கலக்குதுங்கிற நம்பரை கடைசில பாருங்க, ஏன் கலக்குதுன்னு முதல்ல பாருங்க. கீழ இருக்குற வரிசை முழுக்க இதுக்காகத்தான், ஒரு படியை விட்டுட்டு அடுத்ததுக்குப் போனா திரும்பி வர வேண்டியதாயிடும்.

1. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கைல இருக்க வேண்டியது

டேட்டா சிஎம்ஐபி6 தொகுப்புல, அதாவது உலகத்துல இருக்குற கிளைமேட் மாடல்களை ஒரே விதிப்படி ஓட்டி ஒப்பிடற திட்டத்துல, இலவசமா கிடைக்குது, நம்ம பூனே ஐஐடிஎம் மாடலும் அதுல இருக்கு. முதல்ல 2டி ஃபைல்கள மட்டும் எடுங்க: மிக்ஸ்ட் லேயர் ஆழம், கடல்பனி விகிதம், ஒவ்வொரு கட்டத்தோட பரப்பளவு. வெப்பநிலை, உப்பு ரெண்டும் 3டி, அதை அப்புறம் பாத்துக்கலாம்.

காரணம் சைஸ்தான். 362க்கு 332 கட்டம், 75 லெவல் இருக்குற ஒரு 1 டிகிரி மாடலை எடுத்துக்கிட்டா 3டி வெப்பநிலை ஒரு மாசத்துக்கே 36 எம்பி, 1850ல இருந்து 2014 வரைக்கும் 165 வருஷத்துக்கு கம்ப்ரெஸ் பண்ணாம 70 ஜிபி தாண்டும். அதே காலத்துக்கு 2டி ஃபைல் 1 ஜிபிக்குள்ள முடிஞ்சிடும். பிஜி வைஃபைல ராத்திரி முழுக்க டவுன்லோட் போட்டுட்டு காலைல பாதில நின்னு போயிருக்கும், அந்தக் கஷ்டம் தேவையே இல்ல. 3டி எடுக்கும்போது 50 டிகிரி தெற்குக்குக் கீழ, தேவையான மாசம் மட்டும் வெட்டி எடுங்க.

பைத்தான்ல எக்ஸ்அரே (xarray) பேக்கேஜ், கடல்நீர் அடர்த்தி கணக்குக்கு ஜிஎஸ்டபிள்யூ பேக்கேஜ், ஒப்பிட்டுப் பாக்க நிஜக் கடல் அளவீடுகளோட தொகுப்பான வேர்ல்ட் ஓஷன் அட்லஸ், இவ்ளோ போதும்.

2. புரோகிராம் எழுதறதுக்கு முன்னாடி பேப்பர்ல ஒரு கணக்கு

சென்னை கடல்ல 28 டிகிரி தண்ணி 1 டிகிரி குளிர்ந்தா ஒரு கன மீட்டருக்கு 0.3 கிலோவுக்கு மேல அடர்த்தி கூடும். அதே 1 டிகிரி, பூஜ்ஜியம் டிகிரி பக்கத்துல இருக்குற போலார் தண்ணில வெறும் 0.05 கிலோதான் கூட்டும். ஆனா உப்பு கிலோவுக்கு 0.1 கிராம் ஏறினா போதும், எங்க இருந்தாலும் கிட்டத்தட்ட 0.08 கிலோ ஏறிடும். அதாவது துருவத்துல அடர்த்தியை ஆட்டி வைக்கிறது உப்பு, குளிர் ரெண்டாம் பட்சம்.

இதை ஏன் முதல்லயே போடச் சொல்றேன்னா, வர்றவங்க எல்லாரும் "குளிர்ந்தா மூழ்கும்"னு ஸ்கூல்ல படிச்ச நினைப்புல வெப்பநிலை மேப்பையே பாத்துட்டு இருப்பாங்க. அன்டார்டிகாவை ஒட்டின வெட்டல் கடல்ல குளிர்காலத்துல மேல இருக்குறது உறைநிலையை ஒட்டின, மைனஸ் 1.8 டிகிரி தண்ணி, உப்பு சுமார் 34.4. கீழ இருக்குறது பூஜ்ஜியத்துக்கு மேல இருக்குற தண்ணி, உப்பு 34.7 பக்கம். கீழ சூடு, மேல குளிர், இருந்தாலும் கவுறாம நிக்குதுன்னா அது அந்த உப்பு வித்தியாசத்தாலதான். ரெண்டுக்கும் அடர்த்தி வித்தியாசம் 0.1 கிலோவை சுத்திதான் வரும். இந்த 0.1ஐ நோட்டுல பெருசா எழுதி வச்சுக்கோங்க, அஞ்சாவது படில வேணும்.

இன்னொண்ணு, 4 டிகிரில தண்ணி அதிக அடர்த்திங்கிறது நல்ல தண்ணிக்கு. உப்பு 24.7க்கு மேல போனா உறையிற வரைக்கும் அடர்த்தி ஏறிக்கிட்டே போகும்.

3. மாடலோட உள்ள என்ன ஓடுதுன்னு படிச்சிடுங்க

இதை யாரும் படிக்கிறதில்ல, நேரா டேட்டாவுக்குப் போயிடறாங்க, ஆனா பின்னாடி வர்ற கேள்விகள்ல பாதிக்குப் பதில் இங்கதான் இருக்கு.

நிஜக் கடல்ல குளிர்காலக் காத்து வெப்பத்தை உறிஞ்சி, பனி உறைஞ்சு, அது கழிச்சு விட்ட உப்பு மேல்தண்ணில சேர்ந்து, கனமான தண்ணி கிட்டத்தட்ட 1 கிலோமீட்டர் அகலத் தூண்களா கீழ இறங்கும், வேகம் நொடிக்கு 10 சென்டிமீட்டர் வரைக்கும் போகும். 1 டிகிரி மாடல்ல 65 டிகிரி தெற்குல ஒரு கட்டத்தோட கிழக்கு மேற்கு அகலமே 47 கிலோமீட்டர். தூண் அதுக்குள்ள எங்கயோ தொலைஞ்சு போயிடும். சரி, கட்டத்தை சின்னதா ஆக்கிட்டா வந்துடுமான்னு கேப்பாங்க, வராது, ஏன்னா இந்த மாடல்கள் ஹைட்ரோஸ்டாடிக், தண்ணி செங்குத்தா முடுக்கம் எடுக்கறதுக்கான சமன்பாட்டையே எடுத்துட்டுதான் கட்டியிருக்காங்க. 0.25 டிகிரிக்குப் போனாலும் அங்க ஒரு கட்டம் 12 கிலோமீட்டர், தூணுக்கும் பத்தாது, அந்த அட்சத்துல இருக்குற சின்னச் சுழல்களுக்கும் பத்தாது.

அப்புறம் எப்படிக் கலக்குதுன்னா, எல்லாம் பாராமீட்டரைசேஷன், அதாவது கட்டத்துக்குள்ள அடங்காததை ஒரு தோராய விதியால ஈடு கட்டறது. ஒவ்வொரு டைம்ஸ்டெப்லயும் மேல இருக்குறது கீழ இருக்குறத விட கனமா இருக்கான்னு மாடல் பாக்கும், இருந்தா கலந்து விட்டுடும். பழைய மாடல்கள்ல ரெண்டு லெவலையும் சராசரி எடுத்து ஒண்ணாக்கிடுவாங்க. நீமோங்கிற கடல் மாடல் செங்குத்து கலப்பு எண்ணை ஒரேயடியா தூக்கி விட்டுடும், சாதாரணமா 0.00001 அளவுல இருக்குற எண் லட்சக்கணக்கான மடங்கு பெருசாயிடும். 1994ல வந்த கேபிபி முறை மேல்மட்ட அடுக்கோட ஆழத்தை காத்து, வெப்ப இழப்பு ரெண்டையும் வச்சுக் கணக்குப் போடும். டர்புலன்ஸ் ஆற்றலுக்குன்னு தனிச் சமன்பாடு வச்சு ஓட்டுற மாடலும் இருக்கு.

கலக்குறதை மட்டும் பாத்துட்டு, கலந்ததை மறுபடி அடுக்கா மாத்துற வேலையை மறந்துடறாங்க. நிஜத்துல பக்கத்துல இருக்குற லேசான தண்ணி சுழல்கள் வழியா உள்ள வந்து மூடிடும். மாடல்ல அந்த வேலையை 1990ல ஜென்ட், மெக்வில்லியம்ஸ் ரெண்டு பேரும் சொன்ன முறைதான் செய்யுது. அதுல போடற எண் சின்னதா இருந்தா கலந்த இடம் மூடாம வருஷக்கணக்குல திறந்தே கெடக்கும். அப்போ தப்பு மூடற இடத்துல இருக்கும், நீங்க கலப்பு முறையைக் குறை சொல்லிட்டு இருப்பீங்க.

மூணாவது, சரிவு. அன்டார்டிகாவை ஒட்டின ஆழம் குறைஞ்ச ஷெல்ஃப் மேல உருவாகுற கனமான தண்ணி, நிஜத்துல நூத்துச் சொச்சம் மீட்டர் தடிமன்ல தரையை ஒட்டியே வழுக்கிக்கிட்டு அடி வரைக்கும் போகும். லெவல் கணக்குல கட்டின மாடல்ல தரையே படிக்கட்டு மாதிரிதான் இருக்கும், மாடிப்படில மேலருந்து ஒரு சொம்பு தண்ணி ஊத்தினா ஒவ்வொரு படிலயும் தெறிச்சு சிதறி கீழ வர்றதுக்குள்ள ஒண்ணுமில்லாம போற மாதிரி, அந்தக் கனமான தண்ணி ஒவ்வொரு படிலயும் பக்கத்துத் தண்ணியோட கலந்து கலந்து அடையாளமே தெரியாம போயிடும். அடர்த்தி அடுக்குகளையே லெவலா வச்ச மாடல்கள், உதாரணத்துக்கு நார்வேயோட நார்இஎஸ்எம்2, இதுல கொஞ்சம் தேவலை.

ஆக மாடலோட விவரக் கட்டுரைல இருந்து கட்டத்தோட அளவு, செங்குத்து லெவல் வகை, கலப்பு முறை, சரிவுக்குத் தனி ஏற்பாடு உண்டா, அன்டார்டிகா பனி உருகுன தண்ணி எங்க விடப்படுது, இவ்ளோவையும் ஒரு பக்கத்துல எழுதிக்கோங்க. அந்தப் பக்கம் இல்லாம நாலாவது படிக்குப் போகாதீங்க.

4. கன்ட்ரோல் ரன்ன முதல்ல பாருங்க

எல்லாருக்கும் 2100 மேலதான் ஆசை. ஆனா தொழிற்புரட்சிக்கு முந்தின நிலைல வெளி மாற்றம் எதுவும் இல்லாம ஓட்டுற பிஐகன்ட்ரோல்தான் மாடலோட சொந்த குணத்தைக் காட்டும். சிஎம்ஐபி6ல அது குறைஞ்சது 500 வருஷம் இருக்கணும்னு விதி.

ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு, ஆழ்கடல் வெப்பநிலை மெதுவா ஏறிக்கிட்டோ இறங்கிக்கிட்டோ இருக்கான்னு, ஏன்னா ஆழ்கடல் சமநிலைக்கு வர ஆயிரக்கணக்கான வருஷம் ஆகும், அவ்ளோ தூரம் யாரும் ஓட்டுறதில்ல. அந்த நகர்வை அப்புறம் கழிக்கணும். ரெண்டு, ஆழக் கலப்பு தொடர்ச்சியா நடக்குதா, இல்ல சில பத்தாண்டுகள் நடந்து சில பத்தாண்டுகள் நின்னு போகுதா. சில மாடல்ல இந்த ஏற்ற இறக்கம் நூறு வருஷத்தைத் தாண்டிப் போகும். கடைசி 30 வருஷத்தை மட்டும் எடுத்து சராசரி போட்டா, நீங்க எடுத்த 30 வருஷம் அலையோட மேட்டுல விழுந்துச்சா பள்ளத்துல விழுந்துச்சான்னே தெரியாது.

5. இப்போதான் மிக்ஸ்ட் லேயர் மேப்

தெற்குக்கு செப்டம்பர், வடக்குக்கு மார்ச். வருஷ சராசரி போட்டா குளிர்காலக் கலப்பு கோடை மாசங்களோட சேர்ந்து கரைஞ்சு போயிடும். தெற்குல திறந்த கடல்ல 2000 மீட்டருக்குக் கீழ போனா ஆழக் கலப்புன்னு எடுத்துக்கிறது வழக்கம், வடக்கு அட்லான்டிக்ல 1000 மீட்டர்.

இங்க திரும்பத் திரும்ப வர்ற தப்புகள்ல பெரிய தப்பு வரையறைதான். மேல்மட்டத்தை விட அடர்த்தி எவ்ளோ கூடினா அடுக்கு முடிஞ்சதுன்னு எடுத்துக்கிறது? 0.03 கிலோன்னு ஒரு வழக்கம், 0.125ன்னு இன்னொரு வழக்கம். ரெண்டாவது படில எழுதி வச்ச 0.1ஐ இப்போ எடுங்க. மேல கீழ மொத்த வித்தியாசமே 0.1தான் இருக்குற இடத்துல 0.125ஐ எல்லையா வச்சா, நல்லா அடுக்கா இருக்குற தண்ணியைக்கூட ஆயிரக்கணக்கான மீட்டர் கலந்துடுச்சுன்னு கணக்கு சொல்லும். செவப்புத் திட்டுல ஒரு பகுதி இதனாலயே வர்றது உண்டு. அதனால மாடல் குடுத்த ஆழத்தை அப்படியே நம்பாம, வெப்பநிலை உப்பு எடுத்து 10 மீட்டரை அடிப்படையா வச்சு 0.03க்கு நீங்களே ஒரு தடவை கணக்குப் போட்டு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. ஒரு எச்சரிக்கை, மாச சராசரி வெப்பநிலை உப்புல இருந்து வர்ற ஆழமும், மாடல் ஒவ்வொரு டைம்ஸ்டெப்லயும் கணக்குப் போட்டு சராசரி எடுத்த ஆழமும் ஒண்ணா இருக்காது. கொஞ்சம் வித்தியாசம் வந்தா பதறாதீங்க, ஆயிரம் மீட்டர் கணக்குல வந்தா விடாதீங்க.

மத்த தப்புகள் சின்னது, ஆனா அடிக்கடி வரும். தீர்க்கரேகை 0ல இருந்து 360 வரைக்கும் இருக்குற ஃபைல்ல வெட்டல் கடலை 60 மேற்குல இருந்து 20 கிழக்கு வரைக்கும் நேரா வெட்டினா பாதிக் கடல் காணாம போயிடும், ஏன்னா 0 ரேகை அதுக்கு நடுவுலயே போகுது, முதல்ல மைனஸ் 180ல இருந்து 180க்கு மாத்திட்டு வெட்டுங்க. கட்டத்தோட பரப்பளவால எடை போடாம சராசரி எடுக்காதீங்க. வேற கட்டத்துக்கு மாத்திட்டு அப்புறம் ஆழம் கணக்குப் போடாதீங்க, சொந்தக் கட்டத்துலயே கணக்கை முடிச்சிட்டு மேப்புக்காக மட்டும் மாத்துங்க, இல்லன்னா பக்கத்துக் கட்டங்களோட உப்பு கலந்து அடுக்கே மாறிடும்.

6. திட்டு ஏன் வந்துச்சுன்னு கேளுங்க

ஆழக் கலப்பு நடந்தா கீழ இருக்குற சூடு மேல வந்து பனி மூடாம துளை விழும். மனுஷன் சாட்டிலைட் வச்சுப் பாத்ததுல வெட்டல் கடல்ல குளிர்காலப் பனிக்கு நடுவுல பெரிய துளை விழுந்தது 1974, 75, 76 குளிர்காலங்கள்ல. சராசரியா 2.5 லட்சம் சதுர கிலோமீட்டர், கிட்டத்தட்ட ரெண்டு தமிழ்நாடு. அப்புறம் அந்த அளவுக்கு வரவே இல்ல. 2016லயும் 2017லயும் மாட் ரைஸ்ங்கிற கடலடி மேட்டு மேல சின்னதா ஒண்ணு திறந்துச்சு, நம்ம மைத்ரி ஸ்டேஷன் இருக்குற கரையிலிருந்து வடமேற்கா போனா வர்ற இடம்தான் அது. இதை அளவுகோலா வைங்க. உங்க மாடல்ல ஒவ்வொரு குளிர்காலமும் துளை விழுதுன்னா அது நிஜக் கடல் கிடையாது.

வேலையை இப்படிச் செய்யுங்க. ஆழக் கலப்பு நடந்த வருஷங்களைத் தனியா, நடக்காத வருஷங்களைத் தனியா பிரிச்சு செப்டம்பர் கடல்பனியோட வித்தியாசத்தை மேப்பா போடுங்க. கலந்த இடத்துல பனி குறைஞ்சிருந்தா கீழ இருந்த வெப்பம் மேல வந்துருக்குன்னு அர்த்தம். பனி குறையவே இல்லன்னா அஞ்சாவது படிக்குத் திரும்புங்க, வரையறைலதான் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம்.

அப்புறம் அந்த இடத்துக்கு நேரம் ஆழம் படம் ஒண்ணு, வெப்பநிலைக்கும் உப்புக்கும் தனித்தனியா. இந்தப் படம்தான் எனக்குப் பிடிச்சது, மொத்தக் கதையும் இதுலயே தெரிஞ்சிடும். கலப்பு இல்லாத காலத்துல 200 மீட்டருக்குக் கீழ வெப்பம் மெதுவா சேர்ந்துக்கிட்டே வரும், கீழ்த்தண்ணி லேசாகிக்கிட்டே வரும், ஒரு கட்டத்துல மேல கொஞ்சம் உப்பு ஏறினா போதும், கவுந்துடும். வெப்பம் வெளிய போய் பனி மூடாம நிக்கும், சேர்த்து வச்ச வெப்பம் தீர்ந்ததும் மேல நல்ல தண்ணி வந்து மறுபடி மூடிடும்.

படத்துல திறக்கறதுக்கு முன்னாடி வருஷங்கள்ல மேல்மட்ட உப்பு தானா ஏறிக்கிட்டே வருதான்னு பாருங்க. ஏறினா மழை குறைவா, பனி வெளிய அதிகமா அடிச்சிட்டுப் போகுதா, கோடைல உருகுன தண்ணி எங்க போகுதுன்னு தேடணும். மாடல்ல காத்தினால மேல நடக்குற கலப்பைக் குறைச்சா ஆழக் கலப்பும் குறையும்னுதான் யாருக்கும் தோணும், ஆனா வெட்டல் கடல்ல தலைகீழா ஆனதும் உண்டு, உருகுன நல்ல தண்ணி கீழ எறங்காம மெல்லிசா மேலயே நின்னு போய் குளிர்கால அடுக்கு உப்பாயி கவுந்துடுது.

7. அடித்தண்ணி எந்த வழியா போச்சு

உலகக் கடலோட அடில நிக்கிற அன்டார்டிக் தண்ணி பெரும்பாலும் ஷெல்ஃப்ல உருவாகி சரிவுல இறங்குறது: வெட்டல் கடல், ராஸ் கடல், அடேலி கரை, அப்புறம் கேப் டார்ன்லி. இந்தக் கடைசி இடம் நம்ம பாரதி ஸ்டேஷன் இருக்குற பிரிட்ஸ் விரிகுடாவுக்கு மேற்கால இருக்கு.

1000 மீட்டருக்குக் குறைஞ்ச ஆழத்துல ஷெல்ஃபோட அடித்தண்ணி அடர்த்தியைக் கணக்கு பண்ணுங்க, பக்கத்து ஆழ்கடல் அடியோட அடர்த்தியையும் எடுங்க. ஷெல்ஃப் தண்ணி லேசா இருந்து, ஆனா ஆழ்கடல் அடி மட்டும் அளவீட்டோட அழகா பொருந்துதுன்னா சந்தோஷப்படாதீங்க, அந்தத் தண்ணி திறந்த கடல்ல கவுந்து வந்தது. 2013ல சிஎம்ஐபி5 மாடல்களை எடுத்துப் பாத்த ஆய்வுலயே பெரும்பாலான மாடல்கள் இந்தத் தப்பு வழியாத்தான் அடித்தண்ணி செய்யுதுன்னு தெரிஞ்சது.

அடர்த்தி கணக்குல கவனம். மேல்மட்ட அழுத்தத்தை அடிப்படையா வச்ச அடர்த்தியை ஆழத்துக்குப் போட்டா, தெற்கு அட்லான்டிக்ல அடில இருக்குற தண்ணி மேல இருக்குறத விட லேசுன்னு காட்டும், ஏன்னா குளிர்ந்த தண்ணி அழுத்தத்துல கூடுதலா நசுங்கும். 2000 அல்லது 4000 டெசிபார் அழுத்தத்தை அடிப்படையா வைங்க.

8. வடக்குக்கு

இதே வரிசைதான். கனடாவுக்கும் கிரீன்லாந்துக்கும் நடுவுல இருக்குற லாப்ரடார் கடல்ல 1990களோட முதல் பாதில 2000 மீட்டரைத் தாண்டிக் கலந்ததை அளந்திருக்காங்க, அதனால அங்க ஆழமா கலக்குறதே தப்பு இல்ல, ரொம்ப அகலமா, வருஷம் தவறாம கலக்குறதுதான் தப்பு. கிரீன்லாந்து கரையை ஒட்டிப் போற குறுகலான நல்ல தண்ணி ஓட்டமும், அதுல இருந்து பிரியற சுழல்களும் 1 டிகிரில வராது, அதனால மூட ஆள் இல்லாம போகுது. கட்டங்கள் வடக்குல வளைஞ்சிருக்கும், அட்சரேகை ரெண்டு பரிமாண அர்ரேயா வரும், தெற்குக்கு எழுதின புரோகிராம் அப்படியே ஓடாது.

அட்லான்டிக் சுழற்சியையும் ஒப்பிடணும்னா 26.5 டிகிரி வடக்குல 2004ல இருந்து அளக்குறாங்க, சராசரி 17 ஸ்வெர்ட்ரப் பக்கம் (ஒரு ஸ்வெர்ட்ரப்னா நொடிக்கு 10 லட்சம் கன மீட்டர்). மாடல் ஃபைல்ல அது நொடிக்கு கிலோகிராம்ல இருக்கும், கடல்நீர் அடர்த்தியால வகுக்க மறந்துடாதீங்க. சுழற்சி நம்பர் பொருந்துச்சுன்னா கலக்குற இடமும் சரின்னு ஆயிடாது, 2014ல இருந்து நடக்குற அளவீடுகள்ல கிரீன்லாந்துக்குக் கிழக்காலதான் பெரும்பகுதி நடக்குதுன்னு வந்திருக்கு.

9. கடைசில 2100

இப்போ எஸ்எஸ்பி ரன்களை, அதாவது எதிர்கால உமிழ்வு இப்படி இருந்தான்னு வச்சு 2100 வரைக்கும் ஓட்டுறதை, திறக்கலாம். வெப்பம் ஏறி மேல்மட்டம் நல்ல தண்ணியாக ஆக, தெற்குத் திறந்த கடல் கலப்பு பல மாடல்கள்ல நின்னே போயிடுது. கிராஃப்ல செங்குத்தா சரியும், பாக்க பயங்கரமா இருக்கும். ஆனா ஆறாவது ஏழாவது படில அந்தக் கலப்பே நிஜத்துல இல்லாத ஒண்ணுன்னு தெரிஞ்சிருந்தா, நின்னு போனதும் அந்த மாடலோட சொந்த விவகாரம், அதை அன்டார்டிகாவுக்கு நடக்கப் போறதா எழுதக்கூடாது.

ஒரே ஒரு மெம்பரை (ஒரே மாடலைத் தொடக்கத்தை மாத்தி மாத்தி ஓட்டுன ரன்கள்ல ஒண்ணு) வச்சு டிரெண்ட் சொல்லாதீங்க. நாலாவது படில பாத்த அலை ஏற்கனவே இறங்குற கட்டத்துல இருந்து அந்த ரன் கிளம்பியிருக்கலாம். எந்த கன்ட்ரோல் வருஷத்துல இருந்து பிரிஞ்சதுன்னு ஃபைலோட மெட்டாடேட்டாலயே இருக்கும், அதே காலத்து கன்ட்ரோலை எடுத்துக் கழிச்சா ஆழ்கடல் நகர்வும் சேர்ந்து போயிடும்.

அன்டார்டிகா பனி உருகுன தண்ணியைப் பத்தி மூணாவது படில எழுதி வச்சிருப்பீங்க. பெரும்பாலான சிஎம்ஐபி6 மாடல்கள்ல பனித்தட்டு வெப்பத்துக்கேத்த மாதிரி உருகி தண்ணியைக் கூட்டாது, அதுக்குன்னு இடமே கிடையாது. ஷெல்ஃப் தண்ணியோட உப்பைக் குறைக்கிற முக்கியமான விஷயமே அதுதான். அதனால உங்க ரிப்போர்ட்ல படத்துக்குக் கீழ இருக்குற விளக்கத்துலயே "உருகுநீர் சேர்க்கப்படாத ரன்"னு போட்டுடுங்க, பின்னிணைப்புல போட்டா யாரும் படிக்கிறதில்ல.